ஓட்டையில்லாத போனும் மாதாவுக்குப் பக்கத்துப் பெட்டியும்

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக எனக்குள் ஒரே இழுபறி. கொப்பியைத் திறப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். நான் எட்டாம் வகுப்போடு கடலுக்கு இறங்கியவன். அதை விடப் பெரிய தயக்கம், இந்தக் கதையில் மாதா வருகிறார் என்பது. மாதா வருகிற கதையைச் சிரித்துக்கொண்டு எழுதலாமா என்று எங்கள் கோயில் சுவாமியாரிடமே போய்க் கேட்டேன். "சிரிக்கிற மாதிரி நடந்திருந்தால் சிரிச்சுத்தானே எழுத வேணும்," என்றார். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் மன்னார்த் தீவில், எங்கள் பேசாலையில், இந்தக் கதை இப்போது நாலைந்து விதமாக உலாவுகிறது. நடந்த வீட்டுக்காரன் நான். நான் சொல்லாவிட்டால் பிறகு யார் சொல்வது?

எனக்குப் போன் என்றால் அதில் ஓர் ஓட்டை இருக்க வேண்டும். காதில் மாட்டிக் கேட்கிற ஹான்ஸ்பிறீ வயரைக் குத்துகிற அந்தச் சின்ன வட்ட ஓட்டையைத்தான் சொல்கிறேன். கடலில் கொஞ்சத் தூரம் போனதும் போனுக்கு சிக்னல் போய்விடும். ரேடியோ போகாது. ஆனால் வயரைக் குத்தினால்தான் ரேடியோ இழுக்கும், அந்த வயர்தான் அதற்கு ஏரியல். வயரை எடுத்தால் ரேடியோ ஊமை. விடியப்புறம் வலை விட்டுவிட்டு ஒரு காதில் செபமும் மறு காதில் எஞ்சினுமாக இருப்பேன். எங்கள் பக்கத்து நிலையங்களை விட அக்கரை இந்திய நிலையங்கள்தான் தெளிவாகக் கேட்கும். அங்கே மழை என்று சொன்னால் நான் இங்கே தறப்பாளை இழுத்து மூடுவேன்.

மனைவியின் தம்பி பாரிஸிலிருந்து என் மகளுக்கு ஒரு புதுப் போன் அனுப்பினார். நான் அதை வாங்கி மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா தேடுறியள்?"

"ஓட்டையைத் தேடுறன் பிள்ளை."

"இதில ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாததுதான் இதின்ர விசேஷம்."

"அப்ப ஓட்டையில்லாத வலையும் விசேஷம்தான். மீனையும் தண்ணியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரலாம்."

அவள் சிரித்தாள். என் மகள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், அவளுடைய சிரிப்புக்காகவே பிள்ளைகள் அழாமல் வருகிறார்கள் என்று தாய்மார் சொல்வார்கள். அவளுடைய போனில் செபப் பாட்டுகள் நிறைய இருந்தன. அதை என்னுடைய வயரில் கேட்க ஆசைப்பட்டு மன்னார் உப்புக்குளத்தில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஒரு குட்டி வயரை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்த வாலைப் பூட்டுங்கோ அண்ணே, ஓட்டை வந்திரும்."

"ஓட்டையை எடுத்துப்போட்டு வாலுக்குக் காசோ நானா?"

"ஓட்டையை எடுத்தவன் எங்கேயோ இருக்கிறான். வால் விக்கிறவன் நான். அல்லாஹ் அறிய, எங்களுக்குள்ள ஒரு சம்பந்தமும் இல்லை."

வாங்கி வந்தேன். உப்புக் காற்றுக்கு அந்த வால் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பச்சை பூத்துச் செத்துப்போயிற்று.

அந்த நாட்களில் வீட்டில் வேறு ஒரு கவலை இருந்தது. மகளுக்கு இரண்டு இடத்தில் கலியாணம் பேசினோம். இரண்டு வீட்டாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், "சொல்லி அனுப்புறம்" என்று போனார்கள். ஒருவர் இரண்டு மாதம் இழுத்து வேண்டாம் என்றார். மற்றவர் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மனைவி எட்டிப் பார்ப்பாள், மகள் அவள் எட்டிப் பார்ப்பதைப் பார்ப்பாள். சிரிப்புக் குறைந்துவிட்டது. நாலு வீட்டுக்குக் கேட்டது ஒரு வீட்டுக்கும் கேட்காமல் போனது.

மூன்றாவது பேச்சைக் கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வங்காலையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். அவருடைய ஒன்றுவிட்ட அக்காவின் மகன்தான் பொடியன், மன்னார் ரவுனில் மின்சார வேலை செய்கிறான். தகப்பன் இல்லை. தாய் கெட்டிக்காரி, கறார்ப் பேர்வழி. பக்கத்து வீட்டு அக்கா கொண்டு வந்த பொடியனின் படத்தைப் பார்த்த மகள் அதை என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தப் படம் அவளுடைய வேதாகமத்துக்குள் இருந்ததை நான் கண்டேன், காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் என்னிடம் வந்து ஒன்று சொன்னாள்.

"அப்பா, இவையளும் சொல்லி அனுப்புறம் எண்டு சொன்னால், அண்டைக்கே வேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ. எனக்கு இனி வாசலைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"பொடியனைப் பிடிச்சிருந்தாலுமோ?"

"பிடிச்சிருந்தால்தான் அப்பா இன்னும் ஏலாது."

நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒக்டோபர் மாதம் எங்கள் பக்கம் மாதாவின் சிலை, சுருவம் என்போம், வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் போகும். போகிற வீட்டில் அயலார் கூடிச் செபமாலை சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்று பட்டப்பகலில் வந்து, பிறகு சரிவராவிட்டால் இரண்டு பக்கமும் வெட்கம். அதனால் எங்களில் பலர் "செபமாலைக்கு வாறம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வங்காலைக்காரரும் அப்படித்தான் வரச் சம்மதித்தார்கள்.

சுருவத்தோடு ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வீடு வீடாக வரும். முன்பு பழைய பெட்டியில் ஒரு வயர் இருந்தது, வீட்டுக்காரர் தங்கள் போனில் அதைக் குத்திப் பாட்டுப் போடுவார்கள். அந்த வருடம் புதுப் பெட்டி. சார்ஜில் வேலை செய்யும், வயரும் குத்தலாம், புளூடூத்திலும் பிடிக்கலாம். எங்கள் கோயில் மூப்பர்தான் அதற்குப் பொறுப்பு. பிள்ளைகள் நோண்டுகிறார்கள் என்று பெட்டியின் பொத்தான்கள் எல்லாவற்றையும் மறைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். சுருவத்தை மேசையில் வைத்துப் பூமாலை போட்டு மெழுகுதிரி ஏற்றிய பிறகு, மூப்பரைத் தவிர ஒருவரும் அந்த மேசையில் கை வைக்கக் கூடாது. செபமாலை தொடங்கினால் நடுவில் நிறுத்தவும் கூடாது. மேலே கூரை பற்றி எரிந்தால் ஒருவேளை நிறுத்தலாம்.

வங்காலைக்காரர் வருவதாகச் சொன்ன அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலிருந்து மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் பாட்டுப் போட நான் என் போனையும் ஒரு வயரையும் எடுத்து வந்தேன். என் போனின் கண்ணாடி வெடித்திருந்தது, பின் மூடி கழன்று விழாமல் ரப்பர் வளையம் போட்டிருந்தேன்.

மனைவி வழியை மறித்தாள். "இஞ்சருங்கோ, வங்காலைச் சனம் வாற நேரம் அந்தக் கறுமத்தை வெளியில காட்டப்போறியளோ?"

"கறுமமோ? இதில ஓட்டை இருக்கு. குத்தினால் குத்தின ஆள் மட்டும்தான் பாடும். வேற ஆரும் உள்ளுக்க வர ஏலாது."

"ஆர் வரப்போகினம் உங்கட ஓட்டைக்குள்ள? பிள்ளையின்ர போனைப் பிடியுங்கோ."

மகளின் போனைப் பிடித்தோம். வயர் இல்லாமல் பாட்டு நல்லாகத்தான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. வங்காலைத் தாயும் மகனும் வந்து பாயில் இருந்தார்கள். தாய் வெள்ளைச் சேலை, முக்காடு, முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியாது. பொடியன் தரையைப் பார்த்தபடி இருந்தான். எங்கள் குசினி சின்னது, ஆகையால் பலகாரத்தைப் பக்கத்து வீட்டு அக்கா தன் குசினியில் பொரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓலை வேலி மட்டும்தான்.

செபமாலை தொடங்க முன் நான் மகளிடம் சொன்னேன்: "பாட்டுக் காணும். போனை ஓஃப் பண்ணு பிள்ளை, செபத்துக்கு நடுவில அடிச்சால் மரியாதை இல்லை." அவள் முழுதாக ஓஃப் பண்ணினாள். நான் செய்தது தேவ காரியத்துக்கு மரியாதை. ஆனால் தனித்துவிடப்பட்ட அந்தப் பெட்டி என்ன செய்ததென்றால், தனக்குத் தெரிந்த போன் அக்கம்பக்கத்தில் வேறு ஏதும் இருக்கிறதா என்று தேடியது. முதல் நாள் அது இருந்தது அக்கா வீட்டில். அக்காவின் போனை அது மறக்கவில்லை. ஒரு சின்ன 'டிங்' கேட்டது. எவரும் கவனிக்கவில்லை.

செபமாலையின் மணிகளைப் பத்துப் பத்தாக எண்ணிச் செபம் சொல்வோம். வந்தவருக்கு மரியாதை என்று இரண்டாம் பத்து மணியைச் சொல்ல வங்காலைத் தாயிடம் விட்டோம். அவர் தெளிவான குரலில் தொடங்கினார். அவர் பாதி சொல்ல, நாங்கள் மீதி சொன்னோம். மூன்றாவது மணியோ நாலாவது மணியோ போகும்போது, மாதாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் பேசியது.

"சின்னம்மா, என்னமாதிரி? அம்மாவையள் வந்திட்டினமோ?"

மூப்பர் நெஞ்சில் சிலுவை போட்டார். முன் வரிசையில் இருந்த ஒரு கிழவி நிலத்தில் நெற்றி முட்டக் குனிந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் சொந்தக் குரல் கேட்டது: "ஹலோ? ஹலோ? ஆர் பிள்ளை? ஒண்டும் கேக்கேல்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேசுவது பொடியனின் தமக்கை. கைக்குழந்தையோடு வங்காலையில் நின்றுவிட்டவர். அக்காவின் போனுக்கு எடுத்திருக்கிறார், அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பெட்டியில் இறங்கியிருக்கிறது. பெட்டிக்குள் மைக்கும் இருந்தபடியால் அவருக்கு எங்கள் செபம், யார் குரல் என்று தெரியாமல், மங்கலாகக் கேட்டிருக்கிறது.

"அட, செபமாலை சொல்லிக்கொண்டே அடுப்படியில நிக்கிறியள்? நல்லது, நீங்கள் சொல்லுங்கோ, நான் கதைக்கிறன், கேட்டுக்கொண்டிருங்கோ."

வங்காலைத் தாயின் குரல் ஒரு நொடி தடக்கியது. பிறகு அடுத்த மணிக்குப் போனார். நிறுத்தவில்லை. நாங்களும் மீதியைச் சொன்னோம். வேறு என்ன செய்வது? வயர் என்றால் பிடித்து இழுத்துவிடலாம். இதில் இழுக்க ஒன்றுமில்லை. பொத்தானை அமத்த டேப்புக்குள் விரல் போகாது. மேசையில் கை வைக்க உரிமையுள்ள ஒரே ஆள் மூப்பர், அவரோ பேசுவது யார் என்ற யோசனையில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"தம்பிக்குப் பெட்டையை நல்லாய்ப் பிடிச்சிட்டுது சின்னம்மா. போன கிழமை அந்த முன்பள்ளிக்கு முன்னால ஹெல்மெட்டைக் கழட்டாமல் வெய்யிலுக்குள்ள நிண்டு பாத்திட்டு வந்து, தலையிடி எண்டு படுத்தவன். இப்ப ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி முழந்தாளில நிப்பான், பாருங்கோ."

எல்லாரும் பார்த்தோம். வாய் செபத்தைச் சொன்னது, கண் அங்கே போனது. பொடியனின் காது செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. என் மகள் முக்காட்டை வாயில் வைத்து அடைத்தாள். தோள் குலுங்கியது.

"அம்மாவுக்கும் நல்ல விருப்பம். ஆனால் வெளியில காட்டமாட்டா. சொல்லி அனுப்புறம் எண்டு சொல்லிப்போட்டு வருவாவாம். நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலம் வரைக்கும் இழுத்தால்தான் பொம்பிளை வீட்டுக்காரருக்கு ஒரு பயம் இருக்குமாம். நீங்கள் அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சின்னம்மா."

மகளின் தோள் குலுக்கம் நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. இந்தத் தாய் இப்போது வெட்கத்தில் எழும்பிப் போனால் அதோடு முடிந்தது. போகாமல் "சொல்லி அனுப்புறம்" என்றாலும் என் வாயாலேயே முடிக்க வேண்டும். மாதாவே, அந்த ஒரு வசனம் மட்டும் வேண்டாம் தாயே என்று மன்றாடினேன். வாய் சொன்ன செபம் ஒன்று, மனது சொன்னது வேறு. இரண்டும் அவரிடம்தானே போகிறது.

வங்காலைத் தாய் தன் பத்து மணியை முடித்தார். ஒரு மணிகூட விடவில்லை. கண்ணை மூப்பர் பக்கம் திருப்பி, "மூப்பர், பெட்டியில ஒருக்கா வாய் வைக்க உத்தரவு தாறியளோ?" என்று கேட்டார். மூப்பர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். தாய் எழுந்து மேசைக்குப் போய், சுருவத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் பெட்டிக்குக் குனிந்தார்.

"பிள்ளை, நான் அம்மா கதைக்கிறன்."

பெட்டிக்குள் ஒரு ஐயோ கேட்டது.

"நீ கதைச்சதெல்லாம் இஞ்ச மாதாவுக்கு முன்னால எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம். இனிப் போனை வை. மிச்சத்தை நான் சொல்லுறன்."

குழந்தை ஒன்று வீரிட்டது. பேச்சு அறுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார், கருகிய மணம் வரத் தொடங்கியது.

தாய் திரும்பி வந்து முழந்தாளிட்டார். சேலையைச் சரி செய்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சம்மந்தி, அடுத்த பத்து மணியை நீங்கள் சொல்லுங்கோ."

அந்த ஒரு சொல்லில் கலியாணம் உறுதியாகிவிட்டது. நான் செபத்தைத் தொடங்கினேன், ஆனால் எத்தனை மணி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மனைவி இடுப்பில் இடித்துத்தான் நிறுத்தினாள். பின்னால் மகளின் சிரிப்பு வெடித்தது. பழைய சிரிப்பு. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து பிளேன்டீயும் கருகாத ரோல்ஸ் மிச்சமும் வந்தபோது, மகள் பொடியனிடம் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"அந்த மஞ்சள் ஹெல்மெட் ஆள் நீங்களோ? நான் பிள்ளை பிடிக்கிறவன் எண்டு நினைச்சு கேற்றைப் பூட்டினனான்."

"ஓம், கண்டனான்," என்றான் அவன். "பூட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் நிண்டனான்."

சம்மந்தியம்மா தேத்தண்ணியை ஆற்றியபடி என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னையும் கலியாணம் பேசி மாசக்கணக்கில காக்க வைச்சவை. அதுதான் முறை எண்டு நினைச்சிட்டன்." மனைவி அகதி முகாமில் வளர்ந்தவள், அங்கே ஒரு வீட்டுப் பேச்சு ஒன்பது வீட்டுக்குக் கேட்கும். "இனி என்ன அக்கா," என்றாள், "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டிட்டம். உங்களிட்டை ஒளிக்க எங்களிட்டையும் ஒண்டும் இல்லை."

மறுநாள் காலை கதை என் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. ஒருவர் சொன்னார், மாதா சுருவம் வாய் திறந்து "இந்தப் பிள்ளையைக் கட்டு" என்று பொடியனுக்குக் கட்டளையிட்டதாம். இன்னொருவர், ஹெல்மெட் போட்டுப் பார்த்தது பாவம் என்று மாதா கண்டித்ததாம். முன் வரிசைக் கிழவி வெற்றிலையோடு வந்து, தன் பேரனின் விசா எப்போது வரும் என்று பெட்டியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அம்மா, அது புளூடூத் என்றேன். "அந்தச் சம்மனசின்ர பேரை நான் கேள்விப்படேல்லை, மற்ற வானதூதர்மாரை எல்லாம் தெரியும்," என்றார்.

மூப்பர் சுவாமியாரிடம் போய் முறையிட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார், சுருவத்தோடு போகும் பெட்டிக்கு இனி வயர் குத்திய போன் மட்டும்தான் என்று அறிவித்தார். அவர் சிரிப்பை அடக்குவதற்குப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு வாசித்தார். அதற்குப் பிறகு அந்த மாதம் முடியும்வரை தெருவில் ஓட்டையுள்ள போன் தேடி அலைந்தார்கள். வெளிநாட்டுக் காசில் வாங்கிய பளபளப்பான போன்கள் எல்லாம் அலுமாரிக்குள் இருக்க, ரப்பர் வளையம் போட்ட என் போன் மாதாவோடு வீடு வீடாகப் போய்வந்தது. மனைவி அதற்கு ஒரு புது உறை வாங்கித் தந்தாள். அவளைப் பார்த்து ஒரு முறை சிரித்தேன், அவ்வளவுதான்.

மருமகன் மின்சாரம் படித்தவன். ஓட்டையை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு விளக்குவான்: தண்ணீர் போகாதாம், மெல்லிசாகச் செய்யலாமாம், பெரிய பற்றரி வைக்கலாமாம். நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடலில என்ர போனை விடத் தண்ணியில நிண்ட போன் எதடா தம்பி?" என்பேன். வயரில் ஆரம்பமும் முடிவும் கண்ணுக்குத் தெரிகிறது. யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். போன் செய்கிறவர்கள் அந்த ஓட்டையைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. படகுக்காரனுக்கு வேண்டும், கோயிலுக்கு வேண்டும், காது மந்தமான கிழடுகளுக்கு வேண்டும்.

"மாமா," என்பான் அவன், "அண்டைக்கு நீங்கள் வயரைக் குத்தியிருந்தால் நான் இப்ப எங்க?"

"வாசலில ஹெல்மெட்டோட நிப்பாய்," என்று குசினிக்குள்ளிருந்து மகளின் சத்தம் வரும்.

ஓட்டை வேண்டும் என்று வாதாடுகிற நான், ஓட்டை இல்லாத ஒரு போனால் வந்த பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறேன். ஆண்டவர் இரண்டு கையாலும் வேலை செய்கிறார், எந்தக் கையில் வயர் இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு மன்றாட்டு. வாசித்ததை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், படகில் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சொல்லுங்கள். ஆனால் இங்கே எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். சுருவம் வாய் திறக்கவில்லை. பேசியது வங்காலையில் குழந்தையோடு நின்ற ஒரு தமக்கை. புளூடூத்தை விட்டுவிட்டு மாதாவை மட்டும் சொல்லாதீர்கள், அது பொய்யாகிவிடும். மாதாவை விட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் சொன்னாலும் எனக்குச் சம்மதமில்லை. ஏனென்றால் அந்தச் செபத்தை நடுவில் விடாமல் சொல்லி முடித்தவர்கள் நாங்கள்.